வினைமுற்று

ஆரம்பாக்கம் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் நான்.
அம்மா சூளூர்ப்பேட்டை, அப்பா இந்தப்பக்கம்.
அதனால்தான் ஜீப் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

புயல் கூடத்தில் எதிரெதிரே பெஞ்சுகள்.
காராமணிக்குப்பத்தார் ஒன்பது பேர்,
நீலபாலெத்தார் ஒன்பது பேர்.
எண்ணிக்கை சரியாக வரவேண்டுமென்று
ஒருவரை வெளியே நிறுத்திவிட்டார்கள்.
அவர் சன்னலோரம் பீடி இழுத்தபடி
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏரிக்குள் நட்ட சவுக்குக் கம்பில் தொடங்கியது.
கம்பு வெள்ளத்தில் நகர்ந்ததா
நகர்த்தப்பட்டதா.
இறாலுக்கு எந்த மாநிலம் என்று
சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.
யாரும் சிரிக்கவில்லை.

பத்தொன்பது மாதம்.
அவர்கள் பிடித்து வைத்த படகு நான்கு,
இவர்கள் பிடித்து வைத்தது மூன்று,
ஒரு கண்,
போலய்யா.
தாசில்தாரின் பட்டியலில்
இந்த வரிசையில்தான் இருந்தது.

வசவுகளை நான் மொழிபெயர்க்கவில்லை.
"என்ன சொல்றான்?"
"காத்து சரியில்லைன்னு சொல்றார்."
அவர்கள் நம்பவில்லை,
நம்பியதாகக் காட்டிக்கொண்டார்கள்.
அன்றைக்கு அது போதும்.

மதியம் சோறு, தனித்தனி அண்டா.
ஊறுகாய் பாட்டில் மட்டும் ஒன்றே ஒன்று.
அது கூடத்தின் குறுக்கே மூன்று முறை போய்வந்தது,
என் கை வழியாக.

சாயங்காலம் அந்தச் சொல்லுக்கு வந்தோம்.

தப்பு இரண்டு மொழியிலும் தப்புதான்.
பகைக்கும் அங்கே பக என்றுதான் பெயர்,
ஒரு சங்கிலிக்கொம்பு குறைவு, அவ்வளவே.
தகராறு வினைச்சொல்லில்.
தப்பு ஜரிகிந்தி என்றால் தப்பு நடந்துபோனது.
தப்பு சேஸாம் என்றால் தப்பு செய்தோம்.
நடந்துபோனதற்கு ஆள் தேவையில்லை,
மழை மாதிரி, அம்மை மாதிரி.
செய்ததற்கு ஆள் வேண்டும்.

இரண்டு மணி நேரம்.
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார் தாசில்தார்.
வேதகிரி எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார்.
தரையைப் பார்த்து,
"தப்பு நடந்துபோச்சு" என்றார்.

நான் நீலபாலெத்தாரைப் பார்த்து
"தப்பு சேஸாம் அன்ட்டுன்னாரு" என்றேன்.

சன்னலில் பீடி நின்றது.
அந்த மனிதருக்கு இரண்டும் தெரியும்.
என்னையே பார்த்தார்,
பிறகு பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்தார்.
எந்த ஊர்க்காரர் என்று இதுவரை விசாரிக்கவில்லை.

இரண்டு தாள். இரண்டு வினை.
பதினெட்டுக் கையெழுத்து, அதில் ஏழு கைநாட்டு.

மறுவாரம் படகுகள் திரும்பின.
ஒன்றில் வலை முழுக்க எலி கடித்திருந்தது.
இன்னொன்றில் என்ஜினே இல்லை.
மூன்றாவதற்கு யாரோ அடிப்பலகையில் தார் பூசியிருந்தார்கள்,
எதிரியின் மரம்தான் என்றாலும்
வெயிலில் பிளந்துவிடுமே என்று.
யாரென்று அந்தக் கரையில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கணக்குப் புத்தகத்தில் நீலபாலெம் பக்கத்தைத் திறந்தேன்.
நாற்பது பார் ஐஸ், கடன்.
அதற்கு மேலே பழைய பாக்கிகள்
பத்தொன்பது மாதமாக அப்படியே.
சண்டைக்கு நடுவிலும் முதலாளி ஒன்றையும் அடிக்கவில்லை.
பகை வேறு, பாக்கி வேறு.

நேற்று ராவணம்மா வந்தாள்.
கேட்காமலே, போலய்யா பேரில் இருந்த அறுநூற்று நாற்பதுக்கு
அறுநூற்றைம்பது எண்ணி வைத்தாள்.
நோட்டெல்லாம் ஈரம்.
பிறகு மெதுவாக,
"சேஸாம் அன்னாரு கதா?"
செய்தோம் என்றார்களே.

ஆமாம் என்றேன்.

"எவரு?"

அந்தக் கடைசி எழுத்தை நான்தான் போட்டேன்,
அந்த ம்-முக்குள் யார் யார் என்று
ஒரு குப்பத்துக்கே தெரியும், எனக்கும் தெரியும்.
மீதிப் பத்து ரூபாயை அவள் பக்கம் நகர்த்தினேன்.

எடுக்கவில்லை.
நின்றுகொண்டிருக்கிறாள்.