விடுபட்ட ‘ன’

கமநல சேவை நிலையத்தில் தந்த துண்டில்
‘சேத விவசாயம். குப்பிழான். மூன்று பரப்பு’
என்று கிடந்தது.
ஒரு ‘ன’ விட்டுப்போச்சுது, தம்பி, என்றேன்.
பெடியன் காது சிவந்து
‘த’வுக்குப் பின்னால் இருந்த கொஞ்ச இடத்தில்
நெரிந்த ஒரு ‘ன’வைச் செருகி
பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தான்.
அது ஆனி மாதம்.

வைக்கோல் மூடாக்குப் போட்டால்
ஈரம் நிற்கும் என்று வகுப்பில் சொன்னார்கள்.
வகுப்பில் இருந்தது மின்விசிறி.
இங்கே சோளகம்.
இரண்டு லான்ட்மாஸ்டர் வைக்கோலையும்
ஒரே இரவில் ஒழுங்கைக்குள் கூட்டித் தள்ளிவிட்டு
விடியக் காலமை ஒன்றும் தெரியாததுபோல்
பனையோலையில் சரசரத்துக்கொண்டிருந்தது.
பள்ளிக்கூடப் பிள்ளைகள்
என் எண்ணாயிரம் ரூபாயின் மேல்
மெத்தென்று நடந்து போனார்கள்.

தெற்குக் காணி செல்வச்சந்திரனுடையது.
முதுகில் தாங்கி, வாயில் கட்டிய பழஞ்சாரம்.
அவர் மிளகாய்க்கு அடிக்கிற மருந்தில் பாதியை
என் பயற்றங்கொடிக்குக் காற்று
இனாமாகக் கொண்டுவந்தது.
சான்றிதழ் வேண்டுமென்றால் முதலில்
காற்றைப் பிடித்து ஒப்பம் வாங்கவேணும்.
“காத்து விழுந்தாப் பிறகு அடியுங்கோவன், அண்ணை.”
“விழுந்தாத்தானே, பிள்ளை.”
அதுவும் நியாயம். ஆவணி வரைக்கும் விழவில்லை.
எல்லையில் சீமைக்கிளுவை நட்டேன்.
முழங்கால் உயரத்தில் நின்று
அது காற்றை மறித்துக்கொண்டிருந்தது.

கிணறு இறங்கியது.
பம்ப் இருபது நிமிடம் இறைத்தால்
நாற்பது நிமிடம் இருமும்.
உப்பேறிவிட்டதா என்று
விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன்.
ஏறினதுபோலவும் இருக்கும்.
ஏறாததுபோலவும்.

ஐப்பசியில் காற்று வாடைக்குத் திரும்பியது.
அன்றைக்குத்தான் மீன்கரைசல் வாளியைத் திறந்தேன்:
கூலர் ஓட்டுகிற தயாபரன் மயிலிட்டியிலிருந்து கொண்டுவந்த
சூடைத் தலையும் குடலும், பனங்கட்டியோடு
இருபத்தொரு நாள் ஊறியது.
வடக்கிலிருந்து தெற்கே போன காற்று
விலாசம் பிழைக்காமல் போனது.
சோற்றுக் கோப்பையோடு செல்வச்சந்திரன்
வேலிக்கு வந்து நின்றார்.
“சாப்பிட விடன், பிள்ளை.”
“காத்து விழட்டும், அண்ணை.”
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு அவர் வீட்டுக்குள் யாரோ சிரிக்கிற சத்தம்.

கார்த்திகை. மழைக்கு நாற்பது வீதம் என்றது போன்.
நாற்பதை நம்பி
பீற்றூட்டும் கீரையும் போட்டேன்.
அடுத்த கிழமை தாழமுக்கம் என்றார்கள்,
அதற்குப் பெயரும் வைத்தார்கள்.
மூன்று இரவு.
குடித்துக் குடித்துச் செம்மண்ணே
போதும் என்று வாய் மூடிக்கொண்டது.
அவருடைய யூரியா கரைந்த வெள்ளம்
வரம்பேறி வந்து
என் பாத்திகளின் கொள்கை எதையும் கேளாமல்
நடுவால் போனது.
எல்லையில் ஒரு ரோச் வெளிச்சம் அசைந்தது.
அவர்தான், மண்வெட்டியோடு.
தன் வரம்பை மேற்கே வெட்டி
வெள்ளத்தை ஒழுங்கைக்கு விட்டுக்கொண்டிருந்தார்.
எனக்காகவா, தன் வெங்காய நாற்றுக்காகவா,
கேட்டாலும் கேட்காத மழை.
நான் மறுமுனையில் வெட்டினேன்.

பீற்றூட் அழுகியது.
கீரை அள்ளுப்பட்டு எவருடைய காணியிலோ முளைத்திருக்கும்.
மிஞ்சியது ஆறு கத்தரி, அந்தச் சீமைக்கிளுவை,
ஒரு பாத்தி வல்லாரை.
வல்லாரைக்கென்ன, அதற்குக் கொண்டாட்டம்.

நட்டஈட்டுப் படிவத்துக்கும் அதே மேசை, அதே பெடியன்.
இந்த முறை மிகக் கவனமாக,
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான்:
‘சேதன விபரம்.’
பார்த்தேன். திருத்தச் சொல்லவில்லை.
மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தால்
வெயிலும் அடித்துத் தூறவும் செய்தது.
வெங்காயம் நடுகிறதா,
இன்னும் ஒரு கிழமை பார்க்கிறதா?
சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு
எச்சில் தொட்ட விரலை மேலே பிடித்தேன்.
எந்தப் பக்கமும் குளிரவில்லை.
காற்று விழுந்திருந்தது.