தும்புத்தடி

ஈட்டி எறியத்தான் சேர்த்துவிட்டேன்.
ஆறு கிழமையாய்க் கையில் கொடுத்திருப்பது
தும்புத்தடி.
தும்பு இல்லை, வெறுந்தடி.
ஈட்டிகள் மூலையில், அலுமாரிக்குள், பூட்டில்.

நவம்பரில் ஓல்டனுக்கு மூடுபனி இறங்கினால்
ஆரே ஆறு எந்தப் பக்கம் என்பதைச்
சத்தத்தை வைத்துத்தான் சொல்லலாம்.
மண்டபத்தின் கீழ்த்தளத்தில் மட்டும்
வெள்ளை வெளிச்சம், ரப்பர் மணம்,
ஒன்பது பதின்மூன்று வயதுகள்.
அதில் ஆரபி என்னுடையது.

சுவரோரக் கதிரையில் இருந்து பார்க்கிறேன்.
தடியைத் தோளில் வைத்துக் குந்துகிறாள்,
எழும்புகிறாள்,
குந்துகிறாள்.
கொரினாவுக்கு இருபத்தாறு வயதிருக்கும்.
எட்டு வரைக்கும்தான் எண்ணுவாள்.
எட்டாவது எவ்வளவு அழகாய் வந்தாலும்
ஒன்பதாவது கிடையாது.
முழங்கால் உள்ளே சாய்ந்தால் விரலால் ஒரு தட்டு,
பிறகு ஒன்றிலிருந்து.

இதற்கோ காசு கட்டினது என்று
கேட்கத்தான் எழும்பினேன்.
என் ஜெர்மன்
கோபத்துக்குப் போதாது.
இருந்துவிட்டேன்.

இந்த வருசம் ஏழு சென்ரிமீற்றர் வளர்ந்துவிட்டாள்.
மூன்று மாதத்துச் சப்பாத்து தம்பிக்குப் போயிற்று.
கதவு நிலையில் தோளை இடிக்கிறாள்,
தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடுகிறாள்,
உடம்பை யாரிடமோ இரவல் வாங்கி வந்தவள் மாதிரி.
எலும்பு முந்திப் போகுதாம், தசை பின்னால் ஓடுதாம்,
அதுவரை பாரம் பொறுக்கட்டுமாம்.
கொரினா சொன்னதை எனக்கு மொழிபெயர்த்தாள்,
பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்கு ஹெர்கிங்கனில் வேலை, பொதி மையத்தில்.
இரவு பத்திலிருந்து ஆறு.
மணிக்கு இத்தனை பெட்டி என்று திரையில் ஒரு இலக்கம்.
அது எட்டில் நிற்காது.
வைன், பூனை மண், குழந்தைக் கட்டில்,
யாரோ வீட்டிலிருந்து உடம்பு வளர்க்க வாங்கிய
இருபது கிலோ இரும்பு, சோடியாய்.
எல்லாம் முதுகால் தூக்கிப் பதினேழு வருசம்.
என் முழங்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று
ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

சனிக்கிழமை, காரிலிருந்து அரிசி மூட்டையை
இழுக்கப் போனவனை நிற்பாட்டினாள்.
"அப்பா, வையுங்கோ. அப்பிடி இல்லை."
தும்புத்தடியை எடுத்து வந்து
என் முதுகோடு நெடுக்காய்ப் பிடித்தாள்.
"தலை, தோள், வாலெலும்பு.
மூண்டும் தடியிலை படவேணும். இப்ப
இடுப்பைப் பின்னாலை தள்ளிக் குனியுங்கோ."

தலை படவில்லை.
தலை பட்டபோது வாலெலும்பு விட்டுப்போயிற்று.
மேல்மாடி யன்னலில் திருமதி ஃப்ளூரி
பூச்செடிக்கு நெடுநேரம் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றா.
ஐந்தாவதில் எங்கோ பிடித்தது.
நான் சொல்லவில்லை, அவள் கண்டுவிட்டாள்.
"போதும்."
"எட்டெண்டெல்லோ சொன்னனி?"
"நோகேக்கை எண்ணிறேல்லை."
கொப்பியைத் திறந்து
தன் இலக்கங்களுக்குக் கீழே எழுதினாள்:
அப்பா, 5.

மூட்டையை இரண்டு பேருமாய்த் தூக்கினோம்.

இன்று அதிகாலை மூன்று மணி.
இல்லாத தடி ஒன்று முதுகில்.
இடுப்பைப் பின்னால் தள்ளுகிறேன். தலை, தோள்.
பட்டிபோல ஓடும் ரப்பர் காத்திருக்கவில்லை,
இரண்டு பெட்டி தவறிப்போயிற்று,
மேற்பார்வையாளன் நிமிர்ந்து பார்த்தான்.
ஆறு.
ஏழு.
எட்டு, அழகாய் வந்தது,
யாரும் காணவில்லை.

ஒன்பதாவதும் வந்தது.
பூனை மண்.