எழுபத்திரண்டு முட்டைகளுக்கு எத்தனை வோட்

மாங்குளம் சந்தியில் நிரோஜனின் கடை.
கண்ணாடி மேசையில் இரண்டு பெட்டிகள்.
ஒன்று பிஸ்கட் ரின் அளவு, மூன்றரைக் கிலோ.
மற்றது கைப்பிடி வைத்த உரல்,
பன்னிரண்டரை.

"சின்னது முந்நூறு, பெரிசு ஆயிரம்."
ரூபாவா என்று கேட்டுவிட்டேன்.
"வோட் மணித்தியாலம், அக்கா."
சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை.
ரூபாக் கணக்குப் பிறகு வந்தது.
அப்போது நானும் சிரிக்கவில்லை.

மட்டைப்பெட்டியில் ஒரு படம்:
பனிமலை, கூடாரம்,
கோப்பி குடிக்கிற வெள்ளைக்காரி.
வீட்டுக்கும் வெளிக்கும் ஏற்றதாம்.

என் வீடு ஒட்டுசுட்டானில்.
இரண்டு அறை, ஒன்று எங்களுக்கு,
மற்றது குஞ்சு பொரிக்கிற பெட்டிக்கு.
எழுபத்திரண்டு முட்டை, முப்பத்தேழரைப் பாகை,
அரைப் பாகை குறைந்தாலும் எனக்கு வியர்க்கும்.
போன மார்கழியில்
ஐந்தரை மணித்தியாலம் கரண்ட் இல்லை.
பதினெட்டாம் நாள் முட்டைகள்.
போர்வை சுற்றினேன், சுடுதண்ணிப் போத்தல் அடுக்கினேன்,
பொரித்தது பதினொன்று.
மிச்சத்தைப் புதைத்த குழியை
விடிய நாய் கிண்டிவிட்டது.

என் வெளி குளத்துக்குக் கீழே இரண்டரை ஏக்கர்.
பாலை மரத்துப் பரணில் பகீரதன் காவல்.
வேலிக்கு அந்தப் பக்கம் யானை,
கதிர் முற்றட்டும் என்று நிற்கும்.
எங்களைவிட அதற்கு நாள்கணக்குத் தெரியும்.
பழைய கார் பற்றரி இரவு இரண்டுக்கே மங்கிப்போகும்.
அதன் அமிலம் பட்டு
அவன் சாரமெல்லாம் ஓட்டை.

வெயிலில் கிடந்தால்? கேட்டேன்.
மழை ஒழுகினால்?
எறும்பு போனால்?
நிரோஜன் சின்னப் புத்தகத்தைப் புரட்டினான்.
"எறும்பைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, அக்கா."

எத்தனை தரம் ஏற்றி இறக்கலாம்?
மூவாயிரம்.
மூவாயிரம் இரவு, எட்டு வருஷம்.
கடன் மூன்றில் முடியும்.
பிறகு ஐந்து வருஷ வெளிச்சம் என் பெயரில்.

சின்னது, பொரிபெட்டிக்கு ஆறு மணித்தியாலம்,
அல்லது பரண் லைற்றுக்கு விடியும்வரை.
அந்த அல்லதுவை
நான் ஏற்கெனவே ஒருமுறை வாங்கியிருக்கிறேன்.

பெரிசு இரண்டுக்கும் போதும்,
ஆனால் வீட்டுக்கும் வயலுக்கும் ஒன்றரைக் கட்டை.
அதோடு பன்னிரண்டரைக் கிலோவைப் பரணில் ஏற்ற
பகீரதனின் முழங்கால் விடாது.
அதற்குள் ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது.
அதன் எடையை ஆஸ்பத்திரியிலும் எழுதித் தரவில்லை.

நிரோஜன் கல்குலேற்றரைக் கவிழ்த்து வைத்தான்.
நான் பெரிசை எடுத்தேன்.
ஏன் என்று அப்போது கேட்டிருந்தால்
சொல்லத் தெரிந்திராது.

தை பிறந்து ஒன்பதாம் இரவு.
காற்று, பத்தேகாலுக்குக் கரண்ட் போனது.
உள்ளே இருபதாம் நாள் முட்டைகள்.
பெட்டியைக் கொளுவி மூச்சு விடுமுன்
பகீரதனின் ஃபோன்:
"ஏழு நிக்குது. குட்டியோட. லைற் மங்குது."

இருபதாம் நாளில் அசைக்கக்கூடாது,
எனக்குத் தெரியும்.
வரதன் ஓட்டோவை முதல் கியரில் விட்டான்.
பொரிபெட்டி என் மடியில்,
உரல் என் காலடியில்,
ஒவ்வொரு பள்ளத்திலும் நான்தான் ஸ்பிரிங்.

பாலை மரத்தடியில் உரலை வைத்தோம்.
ஒரு வயர் மேலே, ஒரு வயர் முட்டைக்கு.
வெளிச்சம் வயலைக் கடந்து
பெரிய கொம்பனின் நெற்றியில் போய் நின்றது.
அது போகவுமில்லை, வரவுமில்லை.
காதை மட்டும் அசைத்தபடி
எங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது.

மூன்று நாற்பதுக்கு முதல் ஓடு விரிந்தது.
திரையில் அறுபத்திரண்டு வீதம்.
பகீரதன் ஏணியில் பாதி இறங்கி
"என்ன சத்தம்?" என்றான்.
"உன்ர யானைக்குட்டி" என்றேன்.

விடிந்தபோது தெற்கு மூலையில்
நாலு பாத்தி போயிருந்தது.
ஆனாலும் வேலி நின்றது.
குஞ்சு ஐம்பத்தெட்டு.
உரலைத் தூக்கினேன்,
காற்றுப்போகும் துவாரத்தில்
கறுப்பாய் ஒரு வரிசை நகர்ந்தது.

நிரோஜனுக்கு எடுத்தேன்.
"எறும்பு போகும், தம்பி.
எழுதி வை."