ஜி கொஞ்சம் தூக்கல்

நாலாயிரம் ரூபாயைத் திருப்ப முடியாமல்
சவரிராயன் கொண்டுவந்து கொடுத்தது இந்த பேஸ் கிட்டார்.
"வித்துக்கங்க மச்சான்" என்றான்.
புதுவயலில் யார் வாங்குவார்?
எந்த அரிசி மில்லில் இதை வைத்துத் தவிடு சலிப்பது?

நாலு கம்பி.
இருபது வருஷமாய்க் கம்பத்தில் ஏறுகிறவன் நான்,
மின்வாரியத்தில் வயர்மேன்.
நாலு கம்பி ஒரு விஷயமா என்று
மடியில் எடுத்து வைத்தேன்.

எட்டாம் நாள் இடக்கை நுனியெல்லாம் கொப்புளம்.
கொறடு பிடித்துக் காய்த்த கைதான்.
காய்ப்பு முழுக்க உள்ளங்கையில் இருந்திருக்கிறது,
நுனிகள் இத்தனை காலமும்
பச்சைப்பிள்ளையாகவே இருந்திருக்கின்றன.
ரசத்தில் சோறு பிசைய வலக்கை இருக்கிறது, சரி.
சட்டைப் பொத்தானுக்கு?

குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஜெனிட்டா,
நர்சிங் இரண்டாம் வருஷம்,
ஊசி போடுகிற நிதானத்தோடு சொல்கிறாள்:
கட்டைவிரலை பிக்கப்பில் சாய்ச்சு வைங்க.
ஆள்காட்டி, நடுவிரல், ஆள்காட்டி, நடுவிரல்.
ஒரே விரல் ரெண்டு தரம் போனா நொண்டும்.
மீட்டின விரல் அடுத்த கம்பியில போய்
சாய்ஞ்சு நிக்கணும், பஸ்ல தூங்குற ஆள் மாதிரி.
ஃப்ரெட்டை ஒட்டி அழுத்துங்க.
தள்ளி அழுத்தினேன்.
தகர டப்பாவில் மாட்டிய வண்டு.

ஆம்ப் வாங்க வழியில்லை.
ஆம்ப் இல்லாத பேஸ்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கும் சண்டை.
வாயசைகிறது, அவ்வளவுதான்.
நாங்கள் குடியிருப்பது பெரிய வீடொன்றின் இரண்டாம் கட்டில்.
ஒரு ராத்திரி திரும்பும்போது
கிட்டாரின் தலை தேக்குக் கதவில் முட்டியது,
விரல் தற்செயலாய் ஈ கம்பியில்.
கதவு முழுக்க உறுமியது.
நாதாங்கி, பித்தளைக் குமிழ்,
நிலைமேல் செதுக்கிய யானை வரைக்கும்.
கதவுக்கு வயிறு உண்டென்று
அதுவரை எனக்குத் தெரியாது.

காலையில் முன்கட்டு சேவுகமூர்த்தி கேட்டார்:
"ராத்திரி மோட்டாரை அணைக்க மறந்துட்டீகளா?
தொட்டி வழியப்போகுது."
முதல் பாராட்டு என்று எழுதிவைத்துக்கொண்டேன்.

கஷ்டம் ஒலியில் இல்லை, அதை நிறுத்துவதில்.
அழுத்தின விரலை முழுக்க எடுக்காமல்
கம்பியின் மேல் சும்மா வைக்கவேண்டும். அது செத்துவிடும்.
சும்மா வைப்பதா!
லைன் க்ளியர் வாங்காமல் கம்பியில் விரல் வைத்தால்
சாவது கம்பியா?
அந்தப் பயம் விரலைவிட்டு இறங்கப்
பங்குனி முழுக்க ஆயிற்று.

ட்யூனருக்கும் செலவு வைக்கவில்லை.
தெருமுனை டிரான்ஸ்பார்மர் உறுமுகிறதே,
அதற்கு ஜி கம்பியைச் சேர்த்தேன்.
மற்ற மூன்றையும் ஐந்தாம் கட்டத்தில் பிடித்துச்
சரிபார்த்துக்கொண்டே இறங்கினேன்.
ஒத்திகையில் ஜெனிட்டா கையை உயர்த்தினாள்:
"அண்ணே, நீங்க மட்டும் கொஞ்சம் மேலே நிக்கிறீங்க."
என் உத்தியோகமே அதுதானேம்மா என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கிக் காத்திருந்தாள்,
நான் முறுக்காணியைத் தளர்த்தி
இறங்கி வரும்வரை.

நேற்றிரவு பதினொன்றுக்கு மின்சாரம் போனது.
இருட்டில் கதவோடு சாய்ந்து
ஈயிலிருந்து ஏவுக்கு, ஏவிலிருந்து ஈக்கு
நடந்துகொண்டிருந்தேன்.
இரண்டாம் சுற்றில் போன்.
ஃப்யூஸ் போயிருக்கிறது, பள்ளத்தூர் ரோட்டில்.
கிட்டாரைக் கட்டிலில் படுக்கவைத்துப் போனேன்.
ஏ.பி. சுவிட்சை இறக்கி, எர்த் போட்டு,
புது ஃப்யூஸ் கம்பியை முறுக்கி மாட்டி
மறுபடி ஏற்றியதும்
தெருவெல்லாம் வெளிச்சம், எங்கோ ஒரு மிக்சி,
தலைக்குமேல் அந்த உறுமல்.

ஜி. கொஞ்சம் தூக்கல்.

சைக்கிளை எடுக்காமல் நின்றேன்.
கொறட்டின் கைப்பிடியில்
ஆள்காட்டி, நடுவிரல்,
ஆள்காட்டி,