நூற்றிருபது யூல்

கல்முனையில் காலை பத்து மணிக்கே இருபத்தொன்பது பாகை.
அமிலமும் இருபத்தொன்பது, காரமும் இருபத்தொன்பது.
வெயில் எங்கள் வேலையைச் சுருக்கித் தந்தது:
ஆரம்ப வெப்பநிலைக்கு ஒரே எண் போதும்.

ரெஜிபோம் கோப்பை இஃப்லா கொண்டுவந்தது.
பெருநாளுக்கு வட்டிலப்பம் இருந்த கோப்பை,
மூன்று தரம் கழுவியும் ஏலம் மணந்தது.
ஐம்பது கனசெந்திமீற்றர் ஐதரோகுளோரிக் அமிலம்,
அதேயளவு சோடியம் ஐதரொட்சைட்டு,
இரண்டும் ஒரு மூல் செறிவு.
ஊற்றினோம்.
புகையில்லை, சத்தமில்லை,
தண்ணீருக்குள் தண்ணீர் விட்டதுபோலத்தான்.
வெப்பமானி மட்டும் அதை நம்பவில்லை.
ஏறி ஏறி
முப்பத்தைந்தரையில் நின்றது.

நூறு கிராம், நாலு தசம் இரண்டு, ஆறரைப் பாகை:
பெருக்கினால் இரண்டாயிரத்து எழுநூற்று முப்பது யூல்.
கோப்பைக்குள் இருந்தது மூலில் இருபதில் ஒரு பங்கு.
இருபதால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து,
ஐம்பத்துநாலு தசம் ஆறு என்று எழுதினேன்.

"முன்னுக்கு ஒரு சய போடுகா."
"சூடு ஏறினதுக்கு எதுக்குகா சய?"
"ஏறினது தண்ணிக்கு. குடுத்தது தாக்கம்.
குடுத்தவங்க பேர்லதான் கணக்கு."

பாடநூலில் ஐம்பத்தேழு.
பக்கத்து மேசையில் வெப்பமானி உடைந்தே போயிருந்தது,
ஆனாலும் ஐம்பத்தேழு எழுதி
கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார்கள்.
நானும் அழிறப்பரை எடுத்தேன்.
முப்பத்தைந்தரையை
முப்பத்தைந்து தசம் எட்டு ஆக்கினால் தீர்ந்தது.

இஃப்லா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"நூற்றிருபது யூல் எங்கயோ போயிருக்கு.
போன இடத்த எழுது."

எழுதினோம்.
கோப்பையின் சுவர். வெப்பமானியின் கண்ணாடி.
மூடியில்லாத வாய்.
உடைந்த சாளரத்தால் வந்த கடற்காற்று.
கடைசியாக, கோப்பையைப் பிடித்திருந்த என் உள்ளங்கை;
அதற்கும் ஒரு பங்கு வந்திருக்கும்,
நான் சூடென்று உணரவேயில்லை.
பாடநூல் இவ்வளவையும்
'சூழல்' என்ற ஒரு சொல்லில் முடிக்கிறது.

மறுகா செவ்வாய்க்கிழமை.
பெரியகல்லாற்றில் குழுக்கடன் அறவிடும் நாள்.
மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே, ஹெல்மெட்டும் கழற்றாமல்,
அவர் அம்மாவின் ஆயிரத்து அறுநூறை எண்ணினார்.
புத்தகத்தில் ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது.
நூற்றிருபது அல்ல, அறுபதுதான்.
பின்னுக்குப் புரட்டினேன்.
இருபத்தாறு வாரம், இருபத்தாறு அறுபது.
கூட்டல், கூட்டல், கூட்டல் என்று
அவர்கள் பக்கம் இருந்து எழுதிய புத்தகம்.
அம்மாவின் பேரில் எழுதியிருந்தால்
எல்லா வரிக்கும் முன்னால் ஒரு சய நின்றிருக்கும்.

"இந்த அறுபது எங்க போகுது?"
"அது செலவு, தங்கச்சி."
'சூழல்' போல இன்னொரு சொல்.
"என்ன செலவு? ஒவ்வொண்டா சொல்லுங்க, எழுதுறன்."
அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.
காத்திருந்த பெண்கள் தங்கள் தங்கள் புத்தகங்களைத்
திறந்து பார்க்கத் தொடங்கினார்கள்.
அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.
நெற்றியெல்லாம் வியர்வை.
எத்தனை பாகை ஏறியதோ, என்னிடம் வெப்பமானி இல்லை.

வெள்ளிக்கிழமை செய்முறைக் கொப்பி திரும்பி வந்தது.
பக்கத்து மேசைக்குப் பத்து. எங்களுக்கு ஏழு.
சிவப்பு மையில்: வழு நாலு தசம் இரண்டு வீதம்.
"பாருகா," என்றாள் இஃப்லா, சிரிப்பை அடக்க ஏலாமல்,
"தண்ணிட எண்ணே திரும்பி வந்திருக்கு."

வீட்டில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
கடன் புத்தகத்தை என் கொப்பிகளுக்கு மேல் வைத்துவிட்டு,
பென்சிலையும் சீவி வைத்திருந்தாள்.