நாலாவது சக்கரம்

போர்ட் பிரீ ஈய உருக்காலையில்
அன்று அதிகாலை ஷிஃப்ட் அரைமணி தாமதம்.
கேன்டீன் டிவி முன்னால்
முப்பது தலைக்கவசங்கள், ஆறிப்போகும் காபி.

நான்கு பெண்கள்.
பிரேக் கிடையாது, ஒரே கியர்.
ஒருத்தியின் பின்சக்கரத்துக்கும்
அடுத்தவளின் முன்சக்கரத்துக்கும் நடுவே
ஒரு சாண் இருந்தால் அதிகம்.

மூன்றாவது சக்கரம் கோட்டைத் தொட்டதும்
கடிகாரம் நின்றுவிடும்.
நாலாவதுக்கு நேரமே இல்லை.
அந்த நாலாவது, என் தங்கை டீகன்.

எரிந்து தீரத்தான் அவளைச் சேர்த்திருந்தார்கள்.
பத்தாம் சுற்றில் முன்னால் வந்தாள்,
எதிர்காற்றை மொத்தமாக நெஞ்சில் வாங்கி
இரண்டு சுற்று இழுத்தாள்,
பிறகு மரச்சரிவில் மேலேறி
விலகிக்கொண்டாள்.

கேமரா மூவரோடு போய்விட்டது.
'உன் தங்கச்சி எங்கடா?' என்றான் கோஸ்டா.

திரையின் மேல்மூலையில்
பச்சையாய் ஒரு தீற்றல்,
வந்து வந்து மறைந்தது.
கேன்டீனே எழுந்து கத்தியபோது
நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.
நினைத்தவுடன் நிறுத்த முடியாத சைக்கிள் அது,
சக்கரம் சுற்றும்வரை
காலையும் சுற்றவைக்கும்.

தங்கம்.
இமைப்பொழுதில் பாதி வித்தியாசமாம்.
சங்கு ஊதிற்று, உலைக்குப் போனோம்.

அக்டோபரில் ஊருக்கு வந்தாள்.
பப்பில் கோஸ்டா விடவில்லை:
'எல்லாரும் ஜெயிச்சப்போ நீ எங்க இருந்த?'

பொரித்த மீனில் முள் பார்த்தபடியே
சொன்னாள்:
'மேலே.
அங்கேர்ந்து நல்லாத் தெரிஞ்சுது.
அந்த உப்பை இப்படித் தள்ளு.'