இருபத்தைந்து மில்லி வினாடி

புந்தா அரெனாஸிலிருந்து பெயர் கேட்டார் ஒருவர்.
எய்னாரி என்று தட்டினேன்.
அதன் முதல் எழுத்து
மோர்ஸில் ஒரே ஒரு புள்ளி.

‘மாலை வணக்கம், இனாரி.’

இனாரி
என் வாசலில் உறைந்து கிடக்கும் ஏரி.
திருத்தினேன்.
மறுபடியும் ஏரிக்கே வணக்கம்.

ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றினேன்.
பழசு; உள்ளே கட்டைவிரல் பருமன் ரிலே.
கேட்பதிலிருந்து சொல்வதற்குப் புரள
அதற்கு இருபத்தைந்து மில்லி வினாடி.
என் விரலோ முப்பதுக்குள்
ஒரு புள்ளியை வைத்து எடுத்துவிடும்.
தொடுமுனைகளில் கரி,
கதவு திறக்குமுன் முட்டிய மின்சாரம்.

சைமி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
அவள் பேசி முடிக்குமுன்
நான் தொடங்கிவிடுகிறேன் என்பது
அவளுடைய நாற்பது வருடப் புகார்.

ரேடியோவைக் காத்திருக்க வைத்தேன்,
ரிலேவை விட ஐந்து மில்லி வினாடி கூடுதலாக.

விடியாத ஜனவரியில் மறுநாள்
முழுப்பெயரும் போனது, புள்ளி சிதறாமல்.
கொஞ்ச நேரம் இரைச்சல்.
பிறகு நிதானமாக, சற்றே சந்தேகத்தோடு:

‘புதியவரா?
இந்த நேரத்தில் இங்கே
இனாரி என்று ஒருவர் வருவார்.
பார்த்தால்
கேட்டதாகச் சொல்லுங்கள்.’